கழிப்பறை ஒழுகுகிறதா? இடத்தைத் தேடுமுன் நேரத்தைப் பாருங்கள்

எங்கள் குடியிருப்பு சென்னை மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. எட்டு வீடுகள், ஒரு சம்ப், மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகள். மோட்டார் போடும் பொறுப்பு பல ஆண்டுகளாக என் தலையில்தான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் காத்துக் கிடந்த நாட்களில், இரவு நிரப்பிய மேல்தொட்டி விடியற்காலையில் பாதியாகிக் கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டையும் மனத்துக்குள் சந்தேகப்பட்டேன். மூன்றாவது மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களை ஜாடையாகக் கேட்டும் விட்டேன். கடைசியில் திருடன் என் வீட்டிலேயே இருந்தான். விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் பின்னறைக் கழிப்பறையில், பென்சில் கனத்துக்கு ஒரு தண்ணீர்க் கோடு கோப்பைக்குள் சத்தமில்லாமல் இறங்கிக் கொண்டிருந்தது. டம்ளர் வைத்துப் பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர். ஒரு நாளைக்கு 720 லிட்டர்.

அன்றிலிருந்து எட்டு வீட்டுக் கழிப்பறைகளுக்கும் நான்தான் முதல் வைத்தியன். நான் பிளம்பர் இல்லை. ஆனாலும் பிளம்பரை அழைப்பதற்கு முன் செய்யவேண்டிய பாதி வேலை, ஸ்பேனரைத் தொடாமலே செய்யக்கூடியது என்று கற்றுக்கொண்டேன். தண்ணீர் ஓரிடத்தில் கசிந்து வேறோர் இடத்தில் தலைகாட்டும். ஃப்ளஷ் டேங்க் அடியில் சொட்டியது குழாயின் மேல் வழிந்து, கோப்பையின் முதுகில் இறங்கி, தரையில் தேங்கும். தரையில் தேங்கியதைப் பார்த்துவிட்டு ‘கோப்பையின் அடி போய்விட்டது’ என்று டைல்ஸை உடைத்தவர்களை எனக்குத் தெரியும். எனவே ‘எங்கே ஒழுகுகிறது’ என்பதற்கு முன் ‘எப்போது ஒழுகுகிறது’ என்று கேளுங்கள். எப்போதுமா, ஃப்ளஷ் செய்யும்போது மட்டுமா, குளித்த பிறகா, மோட்டார் போட்ட உடனா? அதைக் கொண்டுதான் கீழே பிரித்திருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. கழிப்பறைக்குப் போகும் தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்ளுங்கள். டேங்குக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய குழாய்தான் ஆங்கிள் காக். அதை வலப்பக்கமாகத் திருகினால் மூடவேண்டும். பல வீடுகளில் மூடாது. வைத்த நாளிலிருந்து யாரும் தொடாததால் உப்புப் பிடித்து இறுகியிருக்கும். குறடு போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். மொட்டை மாடியில் உங்கள் குளியலறைக்கு இறங்கும் குழாயில் ஒரு கேட் வால்வு இருக்கும், அதை மூடுங்கள். எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று பெயிண்ட்டால் எழுதி வைத்திருக்கும் குடியிருப்பு பாக்கியம் செய்தது. எங்கள் குடியிருப்பில் அதை எழுதவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று. ஒருவர் மேலே வால்வை மூட, இன்னொருவர் கீழே ‘நின்றுவிட்டது’ என்று கத்த, தெருவே வேடிக்கை பார்த்தது.

கோப்பைக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது

அதிகம் தண்ணீரைத் தின்பதும், அதிகம் கண்ணில் படாததும் இந்தக் கோளாறுதான். தரை ஈரமாகாது, கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்லமாட்டார். கோப்பையின் உள்பக்கச் சுவரில் பழுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரே இடத்தில் கோடு விழுந்திருந்தால் சந்தேகப்படுங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு அந்த வழியாகத்தான் மாதக்கணக்கில் வந்திருக்கிறது.

உறுதி செய்ய, டேங்கின் மூடியைத் திறந்து அரை ஸ்பூன் கேசரிப் பவுடரைப் போடுங்கள். துணிக்குப் போடும் சொட்டு நீலமும் ஆகும். இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யக்கூடாது. கோப்பைத் தண்ணீரில் நிறம் தெரிந்தால் டேங்கிலிருந்து இறங்குகிறது என்று பொருள். டேங்குக்குள் நீல வில்லை போடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு, நாலைந்து முறை ஃப்ளஷ் செய்து தண்ணீர் தெளிந்த பிறகு பாருங்கள். அந்த வில்லைகளில் பல, உள்ளே இருக்கும் ரப்பரையும் கெடுக்கும். நான் அவற்றை வீட்டுக்குள் விடுவதில்லை.

இறங்குவது தெரிந்துவிட்டது. மேலே வழிந்து இறங்குகிறதா, அடியில் கசிந்து இறங்குகிறதா என்பதை அடுத்துப் பார்க்கவேண்டும். இரவு படுக்கப்போகுமுன் ஆங்கிள் காக்கை மூடி, டேங்கில் மறுபடி நிறத்தைப் போட்டுவிட்டு, அதன் உள்சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். காலையில் முதல் ஆளாகப் போய்ப் பாருங்கள். மட்டம் குறியிட்ட இடத்திலோ, நடுவில் நிற்கும் வழிவுக் குழாயின் (மிஞ்சிய தண்ணீரைக் கோப்பைக்குள் இறக்கும் குழாய்) வாயை ஒட்டியோ நின்றிருந்தால் அடி நன்றாக இருக்கிறது. தண்ணீரை உள்ளே விடும் வால்வுதான் நிறுத்தத் தெரியாமல் விட்டுக்கொண்டிருக்கிறது. டேங்க் ஏறக்குறைய காலியாகிக் கோப்பைக்குள் நிறம் தெரிந்தால், டேங்கின் அடிவாயை மூடும் அடி ரப்பர் போய்விட்டது. இடையில் ஏதோ ஓர் உயரத்தில் வந்து நின்றுவிட்டால், அந்த உயரத்தில் விரிசலைத் தேடுங்கள். மட்டம் இறங்கியும் கோப்பையில் நிறமே இல்லை என்றால், கசிவு டேங்குக்கு வெளியே இருக்கிறது. ஒரு பென்சில் கோடு இத்தனையும் சொல்லிவிடும்.

காதும் கொஞ்சம் சொல்லும். ‘உஸ்’ என்று ஓயாத மெல்லிய சத்தம் என்றால் உள்ளே விடும் வால்வு. யாரும் தொடாமலே அரை மணிக்கு ஒருமுறை டேங்க் சில நொடி நிரம்பி அடங்கினால் அடி ரப்பர். நள்ளிரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பேய் என்று பயந்த ஒரு பாட்டி எங்கள் கட்டடத்தில் உண்டு.

உள்ளே விடும் வால்வு என்றால்

பழைய டேங்குகளில் இது பால் காக். ஒரு பித்தளைக் கம்பியின் நுனியில் பந்து மிதக்கும். புதியவற்றில் நிமிர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் தண்டில் ஒரு சிறு கிண்ணம் ஏறி இறங்கும். முதல் வேலை, பந்தைக் கையால் மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். தண்ணீர் நின்றால் வால்வு நன்றாக இருக்கிறது, மிதவைதான் அதை மூடும் அளவுக்கு எழவில்லை. பந்தைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே தண்ணீர் ‘களக் களக்’ என்றால் பந்து ஓட்டை, பந்தை மட்டும் மாற்றினால் போதும். ஓட்டை இல்லையென்றால் கம்பியைச் சற்றே கீழ்நோக்கி வளையுங்கள். பித்தளைக் கம்பி வளையும். பிளாஸ்டிக் கம்பியை வளைக்காதீர்கள், அதில் திருகு இருக்கும். தண்ணீர் மட்டம் வழிவுக் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலமாவது கீழே நிற்கவேண்டும்.

தூக்கிப் பிடித்தும் தண்ணீர் நிற்கவில்லையா? மேல்தொட்டியை அண்மையில் கழுவினீர்களா என்று யோசியுங்கள். இதை நான் ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். தொட்டி கழுவிய மறுநாள் எங்கள் கட்டடத்தில் இரண்டு டேங்காவது வழியும். கலங்கிய வண்டலும் மணலும் குழாய்வழி இறங்கி வால்வின் சின்ன ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும். நிமிர்ந்த வகை வால்வானால் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, வால்வின் தலையைக் கால் சுற்றுத் திருகிக் கழற்றுங்கள். திறந்த வாயின்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் காக்கை ஐந்து நொடி திறந்துவிடுங்கள். டம்ளர் இல்லாமல் திறந்தால் தண்ணீர் கூரையைத் தொடும், நான் தொட வைத்திருக்கிறேன். குப்பை வெளியேறிவிடும். தலைக்குள் இருக்கும் சிறிய ரப்பர் வட்டத்தையும் கழுவித் திரும்ப மாட்டுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகும். ரப்பரில் குழி விழுந்திருந்தால் மாற்றவேண்டும். தலை கழலாத வகையானால் முழு வால்வையே மாற்றுவது நல்லது.

அடி ரப்பர் என்றால்

முதலில் உங்கள் டேங்க் எந்த வகை என்று பாருங்கள். மேலே இரட்டைப் பொத்தான் இருந்தால் அடியில் ரப்பர் வட்டம் உட்கார்ந்திருக்கும் வகை. பக்கத்தில் கைப்பிடி உள்ள பழைய பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் பெரும்பாலும் சைஃபன் வகை. சைஃபனில் அடியில் மூடி என்று எதுவும் கிடையாது. தண்ணீர் ஒரு வளைவைத் தாண்டி இறங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே சைஃபன் டேங்கிலிருந்து கோப்பைக்குள் ஓயாமல் தண்ணீர் இறங்கினால், மட்டம் அளவுமீறி ஏறியிருக்கவேண்டும், அல்லது சைஃபனே விரிசல் விட்டிருக்கவேண்டும். ‘அடி வாஷர் போயிருக்கிறது சார்’ என்று யாராவது சொன்னால், எந்த வாஷர் என்று காட்டச் சொல்லுங்கள். சைஃபனின் உண்மையான நோய் வேறு. கைப்பிடியை நாலைந்து முறை அமுக்கினால்தான் தண்ணீர் வரும். உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கும். அது ஒழுகல் அல்ல, ஆனாலும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் வீண்.

பொத்தான் வகையில், எதையும் கழற்றுமுன் ஒரு வேடிக்கையைச் செய்து பாருங்கள். மூடியைத் தூக்கித் தனியே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். கசிவு நின்றுவிட்டதா? குற்றம் ரப்பரில் இல்லை. பொத்தானின் அடியில் இருக்கும் குச்சி நீளமாகி, வால்வை ஓயாமல் லேசாக அமுக்கிக்கொண்டிருக்கிறது. குச்சியை இரண்டு சுற்றுத் திருகிக் குட்டையாக்குங்கள். முழு ‘செட்’டையும் மாற்றிய பிறகும் ஒழுகுகிறது என்று என்னிடம் வந்த ஒரு வீட்டில் இதுதான் காரணம்.

நிற்கவில்லையென்றால் ஆங்கிள் காக்கை மூடி, ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலியாக்குங்கள். நடுவில் நிற்கும் கோபுரத்தை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருகினால் கையோடு வந்துவிடும். அதன் பாதத்தில் இருக்கும் ரப்பர் வட்டத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக, இட்லித் தட்டில் ஒட்டிய துணியைப்போல மெத்தென்று இருக்கவேண்டும். சொரசொரப்பாக இருந்தால் உப்புப் படிந்திருக்கிறது. விறைத்து வெடித்திருந்தால் ஆயுள் முடிந்தது. உப்பு என்றால் வினிகரிலோ, எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். ரப்பர் உட்காரும் அடிவட்டத்தையும் விரலால் சுற்றித் தடவி, படிந்ததை எடுங்கள். பலரும் ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு இந்த வட்டத்தை விட்டுவிடுவார்கள். புது ரப்பர் பழைய உப்பின்மேல் உட்கார்ந்து, மறுநாளே ஒழுகும்.

டேங்குக்குள் ஆசிட் ஊற்றாதீர்கள். சென்னையில் கழிப்பறை என்றாலே ஆசிட் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆசிட் ரப்பரையும் உலோகத் திருகுகளையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

ரப்பர் இன்று கிடைக்காது, கடை மூடிவிட்டது என்றால் வட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் சில நாள் ஓடும். எல்லா வகையிலும் முடியாது, இருபக்கமும் தட்டையாக இருந்தால் மட்டும். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ‘அந்தக் கம்பெனி டேங்க், ரவுண்டாக இருக்கும்’ என்று வாயால் விளக்கி வாங்கிவந்த எதுவும் எனக்குப் பொருந்தியதில்லை. தெருமுனை ஹார்டுவேர் கடையில் இல்லையென்றால் பாரிமுனைப் பக்கம் குழாய்க் கடைகளில் தேடலாம். அங்கேயும் கையில் பழையது இருந்தால்தான் பேச்சு.

சுவரோரம் சொட்டுகிறது, நாள் முழுதும்

ஃப்ளஷ் செய்தாலும் செய்யாவிட்டாலும் சொட்டுகிறது என்றால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் பகுதிதான் குற்றவாளி. ஆங்கிள் காக்கும், அதிலிருந்து டேங்குக்குப் போகும் கனெக்‌ஷன் பைப்பும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துவிட்டு, ஒரு துண்டு செய்தித்தாளைச் சுற்றிப் பிடியுங்கள். எந்த இடத்தில் தாள் முதலில் கறுக்கிறதோ அதுதான்.

கனெக்‌ஷன் பைப்பின் நட்டுக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அங்கே கசிந்தால் கையால் இறுக்கிவிட்டு, ஸ்பேனரால் கால் சுற்று. அதற்குமேல் இறுக்கினால் வாஷர் நசுங்கி இன்னும் ஒழுகும், அல்லது டேங்கின் பிளாஸ்டிக் மரை உடையும். அந்த நட்டில் டெஃப்லான் டேப் சுற்றுவது வீண்வேலை, அங்கே தண்ணீரை நிறுத்துவது வாஷர்தான். டேப் தேவைப்படுவது ஆங்கிள் காக் சுவருக்குள் போகும் மரையில். மரையின் நுனி உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் திசையில் பத்துப் பன்னிரண்டு சுற்று, இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது டேப் உரிந்து வெளியே வந்துவிடும்.

பின்னல் கம்பி போட்ட கனெக்‌ஷன் பைப்பில் செம்புள்ளிகள் தெரிந்தால் ஒழுகும்வரை காத்திருக்காதீர்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடலோரம் குடியிருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இதைப் பார்ப்பது நல்லது. உப்புக் காற்றில் பின்னல் அரித்து, உள்ளே இருக்கும் ரப்பர்க் குழாய் ஒருநாள் வெடிக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போயிருக்கும் அன்றுதான் வெடிக்கும். வெளியூர் போகும்போது ஆங்கிள் காக்கை மூடிவிட்டுப் போகும் வழக்கம் கேஸ் சிலிண்டரை மூடுவதற்குச் சமம்.

ஆங்கிள் காக் சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் மட்டும் கொஞ்சம் தயங்குங்கள். புதிய கட்டடங்களில் சுவருக்குள் இருப்பது பிளாஸ்டிக் எல்போ, அதற்குள் பித்தளை மரை. முரட்டுத்தனமாகத் திருகினால் எல்போ சுவருக்குள்ளேயே விரிசல் விடும். இருபது ரூபாய் வேலை, டைல்ஸ் உடைக்கும் வேலையாகிவிடும். ஒருமுறை மெதுவாக முயன்று அசையவில்லையென்றால் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள்.

கழுவிக்கொள்ளப் பயன்படும் கைத்தெளிப்பான் இருக்கிறதே, அந்த ஹெல்த் ஃபாசெட்டின் மூக்கில் சொட்டுவதைப் பெரிதாக எண்ணவேண்டாம். உபயோகித்தபின் அதன் ஆங்கிள் காக்கை மூடும் வழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்டால் குழாயும் நீண்டநாள் உழைக்கும். வராது என்பது தனிக்கதை.

ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் பின்னால் ஒழுகுகிறது

டேங்கிலிருந்து கோப்பைக்கு இறங்கும் வழியில் கோளாறு. டேங்க் சுவரில் மாட்டியிருந்தால் நடுவில் ஒரு வளைந்த வெள்ளைக் குழாய் இருக்கும். அது கோப்பையின் முதுகுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ரப்பர் விறைத்துப் போயிருக்கும், அல்லது டேங்க் சற்றே சாய்ந்து குழாய் வெளியே நழுவியிருக்கும். ரப்பரை மாற்றுங்கள். இந்த இடத்தில் எம்-சீல் பசையை அப்பியிருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது கல்லாக இறுகிவிடும், குழாயோ ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் அசையும். மூன்று மாதத்தில் மீண்டும் விரிசல், அதை எடுக்க உளி வேண்டும்.

டேங்க் கோப்பையின்மேலேயே உட்கார்ந்திருக்கும் வகையில், இரண்டுக்கும் நடுவே தடித்த ஸ்பாஞ்ச் வாஷரும் இரண்டு போல்ட்டுகளும் இருக்கும். ஃப்ளஷின்போது மட்டும் ஒழுகினால் நடு வாஷர். எப்போதும் சொட்டினால் போல்ட்டின் ரப்பர். போல்ட்டுகளை மாற்றி மாற்றி, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் பீங்கான் ‘டக்’ என்று வெடிக்கும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்.

கோப்பையின் அடியில் தரை ஈரம்

இதைக் கண்டதும் வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். பதறாமல் கோலமாவை எடுத்துவாருங்கள். கோப்பை, டேங்க், குழாய், தரை எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, கோப்பையின் பாதத்தைச் சுற்றி மெல்லிய கோடாகக் கோலமாவைத் தூவுங்கள். ஒரு மணி நேரம் யாரும் போகவேண்டாம். கோடு நனைந்திருந்தால், அது மேலேயிருந்து ஓயாமல் சொட்டி வழிந்தது. மேலே சொன்ன சுவரோரச் சோதனைக்குத் திரும்பிப் போங்கள். காய்ந்தே இருந்தால் ஒருமுறை ஃப்ளஷ் செய்து, எந்தப் பக்கம் முதலில் நனைகிறது என்று குனிந்து பாருங்கள். முதுகுப் பக்கம் மேலிருந்து வழிந்தால் ரப்பர் வளையம். பாதத்தின் அடியிலிருந்தே ஊறி வந்தால், கோப்பை தரைக்குழாயோடு சேரும் மூட்டு விட்டுவிட்டது. வருவது கழிவுநீர். நாற்றமே சொல்லிவிடும்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் ‘டேங்க் வியர்க்கிறதா பாருங்கள்’ என்று முதலிலேயே இருக்கும். குளிர்ந்த தண்ணீர் நிறைந்த டேங்கின்மேல் ஈரக்காற்று பட்டு நீர் கோப்பது. நம் ஊரில் மேல்தொட்டித் தண்ணீர் மே மாதத்தில் கையைச் சுடும். எங்கள் எட்டு வீட்டில் டேங்க் வியர்த்து நான் பார்த்ததில்லை.

கோப்பையின் மேல் உட்கார்ந்து லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? தரையில் பிடித்திருக்கும் திருகுகள் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். ஆடும் கோப்பைதான் அடி மூட்டை உடைக்கிறது, குறிப்பாகப் பழைய வீடுகளில், சிமெண்ட் பூசி இணைத்த மூட்டுகளை. அண்மையில் ஆடத் தொடங்கி இன்னும் ஒழுகவில்லையென்றால், துருப்பிடிக்காத திருகாக மாற்றி, மெதுவாக இறுக்கினால் தப்பிக்கலாம். ஒழுகத் தொடங்கிவிட்டால் கோப்பையைத் தூக்கித்தான் ஆகவேண்டும். இது இருவர் வேலை, கைப்பழக்கம் உள்ளவர் வேலை. நான் செய்வதில்லை.

யாருமே செய்யக்கூடாது என்று நான் சொல்வது வேறொன்று. பாதத்தைச் சுற்றி ஒயிட் சிமெண்ட்டோ சிலிக்கோனோ அப்பி ‘ஒழுகல் நின்றுவிட்டது’ என்று சொல்வது. நிற்கவில்லை. வெளியே வரும் வழியை அடைத்திருக்கிறீர்கள். தண்ணீர் டைல்ஸுக்குக் கீழே இறங்கி, மூன்று மாதம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் தலைகாட்டும். சரியாகப் பொருத்திய கோப்பையைச் சுற்றிப் பூசும்போதும் பின்பக்கம் இரண்டு அங்குலம் பூசாமல் விடச் சொல்லுங்கள். மூட்டு எப்போதாவது விட்டால் அந்த வழியாகத் தெரிந்துவிடும்.

கீழ்வீட்டுக் கூரையில் ஓதம்

‘உங்கள் வீட்டுத் தண்ணீர்தான்’ என்று கீழ்வீட்டு மாமி வந்து நிற்பார். ‘எங்கள் வீட்டில் ஒரு சொட்டுக்கூடக் கீழே இல்லையே மாமி’ என்று நீங்கள் சொல்வீர்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். குளியலறைத் தரைக்குக் கீழே, குழாய்கள் ஓடுவதற்காகக் காங்கிரீட்டைத் தாழ்த்தி, மேலே நிரப்பியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் தனக்கு வசதியான இடத்தில் சொட்டும். கழிப்பறைக்கு நேர்கீழே சொட்டுகிறது என்பதால் கழிப்பறைதான் காரணம் என்று ஆகாது.

இங்கேதான் ‘எப்போது’ என்ற கேள்வி சண்டையைத் தடுக்கும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதுங்கள். குடும்பத்துக்கு இன்னொரு குளியலறை இருந்தால் சந்தேகப்படும் அறையை மூன்று நாள் பூட்டி வையுங்கள். அதன் கேட் வால்வு மட்டும் திறந்திருக்கட்டும். யாரும் புழங்காமலே ஈரம் பரவினால் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய். பரவவில்லையென்றால் அடுத்த மூன்று நாள் கழிப்பறையை மட்டும் பயன்படுத்துங்கள், குளிக்கவேண்டாம், தரையில் தண்ணீர் கொட்டவேண்டாம். அப்போது பரவினால் கோப்பையின் மூட்டு. அதற்கும் பரவவில்லையென்றால் கழிப்பறை நிரபராதி. குளிக்கும் இடத்துத் தரை, டைல்ஸ் இடுக்கு, அல்லது தரைத் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப்பைச் சுற்றியுள்ள சிமெண்ட். காங்கிரீட் மெதுவாகத்தான் குடிக்கும், மெதுவாகத்தான் விடும். ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எங்கள் கட்டடத்தில் பதினோரு நாள் ஆயிற்று. கடைசியில் நஹானி டிராப். அதற்குள் இரண்டு குடியிருப்போர் கூட்டம் நடந்து, ஒருவர் வெளிநடப்பும் செய்துவிட்டார்.

மாடியில் ஃப்ளஷ் செய்தால் தரைத்தளத்தில் பொங்குகிறது

இது ஒழுகல் அல்ல, அடைப்பு. உங்கள் கோப்பையைக் கழற்றிப் பயனில்லை. கட்டட வளாகத்தில் உள்ள கழிவுநீர்த் தொட்டிகளின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எந்தத் தொட்டி நிரம்பி, அடுத்தது காய்ந்திருக்கிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில் அடைப்பு. எல்லாமே நிரம்பியிருந்தால் தெருக் குழாய். அதற்குச் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் பதியவேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது தாழ்வான தெருக்களில் இது அடிக்கடி நடக்கும். யாரையும் தொட்டிக்குள் இறங்கச் சொல்லாதீர்கள், ‘நான் பழக்கப்பட்டவன் சார்’ என்று அவரே சொன்னாலும். கையால் கழிவு அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே தேங்கியிருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளை வீழ்த்தும்.

சுவருக்குள் டேங்க் இருந்தால்

வெளியே பொத்தான் பலகை மட்டும் தெரியும் வகை. பார்க்க அழகு. பழுதுக்கு அந்தப் பலகையின் ஓட்டைவழியாகக் கையை விட்டுத்தான் எல்லாவற்றையும் எடுக்கவேண்டும். பலகையை மேல்நோக்கித் தள்ளினால் பெரும்பாலும் கழன்றுவரும், கேசரிப் பவுடர்ச் சோதனையை அதன்வழியே செய்யலாம். தண்ணீரை நிறுத்தும் சிறிய வால்வும் உள்ளேயே இருக்கும். அதற்குமேல் நீங்களாக முயலவேண்டாம். உதிரிபாகம் அந்தந்தக் கம்பெனிக்குத் தனித்தனி, கைநழுவி ஒரு திருகு சுவருக்குள் விழுந்தால் அது அங்கேயேதான்.

பிளம்பரை அழைக்கும்போது ‘கழிப்பறை ஒழுகுகிறது’ என்று சொல்லாதீர்கள். ‘இரவு ஆங்கிள் காக்கை மூடி வைத்தேன், காலையில் டேங்க் காலி, அடி ரப்பர் கொண்டு வாருங்கள் தம்பி’ என்று சொல்லுங்கள். வரும்போதே சரியான சாமானோடு வருவார், ‘முழு செட் மாற்றவேண்டும்’ என்ற பேச்சும் பெரும்பாலும் எழாது. வேலை முடிந்ததும் அவர் இருக்கும்போதே ஐந்து முறை ஃப்ளஷ் செய்து, எல்லா இணைப்பிலும் செய்தித்தாளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கழற்றிய பழைய ரப்பரையும் வாஷரையும் குப்பையில் போடாமல் ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, டேங்கின் மேலேயே வையுங்கள். அடுத்த முறை கடைக்கு எடுத்துப்போக வேண்டியது அதைத்தான்.